ஆரையம்பதி ஒழுங்கைக்குள்ள ஒரு சின்ன கராச்: பழைய சீஜி 125க்கு முன் பல்லு மாத்தின அனுபவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்க படுவான்கரைப் பக்கம் பழைய ஹொண்டா வெச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் இத முக்கியமா எழுதுறன். மற்ற ஆக்களும் வாசிங்க, செயின்ல ஓடுற எந்த பைக்குக்கும் முன் பல்லு, அதாவது எஞ்சின் பக்கம் செயினச் சுத்துற பல்லுச்சில்லு (ஸ்ப்ரொக்கட்), களருற பிரச்சின ஒரு நாள் வரலாம். நான் சொல்லப் போற கராச்சுக்கு பெயர்ப்பலகை கிடையாது. மட்டக்களப்பில இருந்து கல்முனைக்குப் போற மெயின் ரோட்டால வந்து ஆரையம்பதியில கடல் பக்கமா இறங்குற ஒரு ஒழுங்கை, அதுக்குள்ள ஒரு தகரக் கொட்டில், முன்னால ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். பாஸுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, அறுவது தாண்டியிருக்கும், கூட ஒரு பொடியன் வேலை பழகுறான். வேலைக்கு 5க்கு 5 குடுப்பன், மற்ற விசயங்களுக்கு 3, ஏனெண்டு கடைசியில சொல்றன்.

என்ட பைக் ஹொண்டா சீஜி 125, அப்பா எடுத்தது. ஹொண்டா இந்த மொடல 1976ல விடத் தொடங்கினது, புஷ் ரொட் (வால்வ கம்பியால தள்ளித் திறக்கிற) எஞ்சின், உள்ளுக்குள்ள டைமிங் செயின் எண்ட சாமானே இல்ல, அதாலதான் வயலுக்கும் சேத்துக்கும் ஓடி ஓடியும் இன்னும் ஸ்டார்ட் ஆகுது. 2020 மார்ச்ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியில திரும்ப விட்டாங்கதான், ஆனா புது பைக் விலை எங்களுக்கு எட்டுற மாதிரி இல்ல. அதால இருக்கிறத ஒழுங்கா வெச்சு ஓடத்தான் வேணும்.

நடந்தது இதுதான். மழைக்காலம், மகளப் பின்னால ஏத்திக்கொண்டு மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைக்குப் போறன். ரெண்டு கிழமையா எக்ஸலேட்டர விடக்க கீழ இடப்பக்கம் டக்கு டக்கெண்டு ஒரு சத்தம், செயின் லூசாக்கும் எண்டு நினைச்சு செயினத்தான் இறுக்கி விட்டிருந்தன். பாலத்தால இறங்கி கொஞ்சத் தூரம் போகல, கறகறவெண்டு ஒரு சத்தம், எஞ்சின் கத்துது, பைக் இழுக்கல. நல்ல வேளைக்கு மெதுவாத்தான் போனன், செயின் உள்ளுக்க சுருண்டு இறுகியிருந்தா பின் சில்லு பூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் ரோட்டுல கிடந்திருப்பம். கவரக் களட்டிப் பாக்கக்க முன் பல்லு ஷாஃப்ட்டுட நுனியில தொங்கிக்கொண்டு நிக்குது, அதப் பிடிக்கிற பிளேட்டும் இல்ல ரெண்டு போல்ட்டும் இல்ல. மகள் "அப்பா, இனி நடந்தா போற?" எண்டு கேட்டா, அண்டைக்கு எனக்கு கை நடுங்கினது இன்னும் நினைவிருக்கு.

இது எப்படிப் பூட்டியிருக்கு எண்டு தெரியாத ஆக்களுக்கு கொஞ்சம் விளக்கமா சொல்றன், தெரிஞ்சாத்தான் கராச்ல நிண்டு பாக்கக்க விளங்கும். பழைய சின்ன ஹொண்டாக்கள் கனதில முன் ஸ்ப்ரொக்கட்டுக்கு நடுவில பெரிய நட்டு இல்ல. எஞ்சினால வெளிய வாற ஷாஃப்ட்ல வரி வரியா வெட்டியிருக்கும், ஸ்ப்லைன் எண்டு சொல்றது, அந்த வரியில ஸ்ப்ரொக்கட் சும்மா வழுக்கிப் போய் இருக்கும். அதுக்கு மேல அதே வரி வெட்டின ஒரு சின்ன லொக் பிளேட், அதையும் உள்ள தள்ளினா ஷாஃப்ட்ல சுத்தி வர ஒரு காடி இருக்கு, அந்தக் காடிக்கு வந்த உடன பிளேட்ட கொஞ்சம் திருப்பி விட்டா திரும்ப வெளிய வர ஏலாது. திருப்பின பிளேட்ட அப்படியே நிக்க வைக்கிறதுக்கு ரெண்டு 6 மில்லி போல்ட்டு, பத்து ஸ்பனர் போடுற சைஸ், பிளேட்டால போய் ஸ்ப்ரொக்கட்லயே இறுகும். பைக்க இழுக்கிற பாரம் முழுக்க அந்த வரியிலதான், போல்ட்டுட வேலை பிளேட்டத் திரும்ப விடாமப் பிடிக்கிறது மட்டும். ரெண்டும் களண்டா பிளேட் பழையபடி வரிக்கு நேரா திரும்பும், பொறகு எல்லாம் ஒண்டொண்டா வெளிய வரும். வேற சில பைக்குகள்ல ஒரு பெரிய நட்டும் மடிக்கிற வாசரும் வரும், அதுக்கு வாசருட காத நட்டுட பக்கத்தோட மடிச்சு விடணும், மடிக்காம விட்டா அதுவும் இதே கதைதான்.

எனக்கு மூணு மாசத்துக்கு முதல் இந்தப் பல்ல மாத்தினது டவுன்ல இருக்கிற வேற ஒரு கராச். பேர் சொல்ல விரும்பல. அண்டைக்கு நான் பக்கத்திலயே நிண்டன், போல்ட்டு ரெண்டையும் ஒரு பழைய பால்மா டின்னுக்குள்ள கைய விட்டுத் தேடி எடுத்துப் போட்டாங்க, அப்ப எனக்கு விளங்கல. ஒண்டு நீளம் கூட, பின்னால எட்டிப் பாத்து எஞ்சின் கேஸ உராஞ்சு ஒரு வட்டமே வெட்டியிருக்கு. பழைய செயினையும் அப்படியே விட்டிருந்தாங்க. இழுபட்ட செயின் புதுப் பல்லுல ஒழுங்கா உக்காராது, பல்லுட நுனி சுறாட செட்டை மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சு தேஞ்சு போகும். மூணு மாசத்தில எனக்கு அதுவும் நடந்திருக்கு.

பொறகு ரெண்டாவது ஒரு இடத்தில காட்டினன். அவர் பாத்த உடன "வெல்டிங் வெச்சு விடுவம் அண்ண, ஆயுசுக்கும் களராது" எண்டார். தயவு செய்து இதுக்கு மட்டும் ஓமெண்டு சொல்லாதீங்க. ஷாஃப்ட்டுட சூட்டுக்கு பின்னால இருக்கிற ஓயில் சீல் வெந்து போகும், வெல்டிங் கரண்ட் கியர் பொக்ஸ் பேரிங்குக்குள்ளால பாஞ்சா பேரிங் குண்டுல குழி விழும், அடுத்த தரம் பல்லு தேயக்க அறுத்துத்தான் எடுக்கணும். அறுக்கக்க ஷாஃப்ட்டும் போகும், ஷாஃப்ட் மாத்துறதெண்டா எஞ்சின இறக்கி ரெண்டாப் பிரிக்கணும். 2,000 ரூபா வேலைய பெரிய செலவாக்கிற வழி அது.

ஆரையம்பதி பாஸிட்ட கொண்டு போனது மாமா சொல்லி. பாஸ் முதல்ல ஒண்டும் கதைக்கல, பெற்றோல்ல ஷாஃப்ட்ட கழுவி, டோச் அடிச்சு, விரல் நகத்தால வரி வரியா இழுத்துப் பாத்தார். பொறகு பழைய பல்ல போட்டு முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். "மனே, புதுசில இருந்தே இது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஹொண்டாக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான், ஆனா இவ்வளவு ஆடப்படாது. ஷாஃப்ட் இன்னும் சாகல, பல்லு நல்லதா எடுத்துக்கொண்டு வா" எண்டார். ஷாஃப்ட் போச்சு எஞ்சின் இறக்கணும் எண்டு சொல்லி காசு பறிச்சிருக்கலாம், எனக்குத் தெரியவா போகுது? சொல்லல. அந்த இடத்திலதான் எனக்கு அவர்ல நம்பிக்கை வந்திச்சு.

சாமான் எடுக்க காத்தான்குடிக்குப் போனன். பாஸ் ஒரு துண்டில எழுதித் தந்தது: 428 செயின், 14 பல்லு, லொக் பிளேட் புதுசு, போல்ட்டு ரெண்டும் அதுக்குரியது, ஓயில் சீல். நான் முன்னுக்கு 15 போட்டா ஸ்பீட் கூடுமே எண்டு கேட்டதுக்கு "வயலால நெல்லு மூட்டை ஏத்திக்கொண்டு வாறவனுக்கு 15 எதுக்கு" எண்டுட்டார். கணக்குப் பாத்தா அவர் சொன்னது சரி, ஒரு பல்லு கூட்டினா இழுவை 7 வீதம் போல குறையும். இன்னொரு விசயம், 420 செயினுக்கும் 428 செயினுக்கும் கண்ணி நீளம் ஒண்டுதான், 12.7 மில்லி, வித்தியாசம் அகலத்திலயும் ரோலர் தடிப்பிலயும்தான். அதால 420 பல்லுல 428 செயின் போட்டாலும் அழகா உக்காந்த மாதிரித்தான் தெரியும், ஓடக்க பக்கத்துக்குப் பக்கம் ஆடும். நம்பரப் பாத்து எடுங்க, கண்ணால பாத்து எடுக்காதீங்க.

கடைக்கார நானாவப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். ஷாஃப்ட் தேஞ்சிருக்கு நானா, எது இறுக்கமா இருக்கும் எண்டு தெரியாது எண்டு சொன்னன். மூணு கொம்பனி ஸ்ப்ரொக்கட்ட பேப்பர்ல சுத்தித் தந்து "வெச்சுப் பாத்துட்டு மற்ற ரெண்டையும் கொண்டு வாங்க தம்பி, காசு பொறகு தரலாம்" எண்டார். அந்த மூண்டுல ஒண்டு பழச விட மோசமா ஆடிச்சு, ஒண்டுல போல்ட்டு ஓட்டை பிளேட்டோட சேரல, மூண்டாவது கையால தள்ள மெதுவாப் போய் நிண்டுது. மூண்டும் 14 பல்லுதான், மூண்டும் ஒரே பைக்குக்கெண்டுதான் பெட்டியில அடிச்சிருக்கு.

பூட்டின விதத்த நான் முழுக்க நிண்டு பாத்தன். முதல்ல ஓயில் சீல மாத்தினார், பின்னால இருந்து ஓயில் கசிஞ்சா போல்ட்டுக்குப் போடுற பசை பிடிக்காது எண்டு சொல்லி. ஸ்ப்ரொக்கட்ல இருக்கிற ரெண்டு ஓட்டைக்கும் டெப் (மரை வெட்டுற கருவி) விட்டு மரையத் துப்புரவாக்கினார், போல்ட்டையும் பெற்றோல்ல கழுவிக் காய வெச்சார். போல்ட்ட கையால பூட்டி பின்னால எவ்வளவு எட்டுதெண்டு பாத்து, எஞ்சின் கேஸ்ல முட்டாதெண்டு உறுதியானதுக்குப் பொறகுதான் களட்டி நீலக் கலர் திரெட் லொக் பசை ஒரு சொட்டு வெச்சார். சிவப்பு போட்டா சூடு காட்டாமக் களட்ட ஏலாது, சின்னப் போல்ட்டு முறியும், அதால நீலம். பொறகு செயினப் போட்டு டொப் கியர்ல விட்டு பொடியன பின் பிரேக்க மிதிக்கச் சொல்லி, பத்து ரிங் ஸ்பனர கட்டையாப் பிடிச்சு ரெண்டையும் மாறி மாறி இறுக்கினார். 6 மில்லி போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் இறுக்கம், ஸ்பனருட நுனியில பிடிச்சு பலமெல்லாம் போட்டா தலை முறிஞ்சு மரை உள்ளுக்க நிக்கும். கடைசியா ரெண்டு போல்ட்டுட தலைக்கும் பிளேட்டுக்கும் குறுக்க வெள்ளை பெயின்ட்டால ஒரு கோடு இழுத்து விட்டார். போல்ட்டு அசைஞ்சா கோடு முறிஞ்சு தெரியும். இந்தக் கோடு எனக்கு சரியான விருப்பம்.

பழைய செயின நிலத்தில நீட்டி 20 கண்ணி அளந்தும் காட்டினார். புதுசு 254 மில்லி வரணும், 259 தாண்டினா மாத்தணும், என்டது 261. பின் பல்லையும் சேர்த்து மூண்டையும் மாத்தினதாலதான் செலவு கூடிச்சு, ஆனா அதுக்கு அவரக் குறை சொல்ல ஏலாது. செயின் கிளிப்புட மூடின பக்கம் ஓடுற பக்கத்துக்கு இருக்க வெச்சார். செயின்ல ஒரு இஞ்சு போல தொய்வு விட்டார், பழைய மாதிரி தந்தி போல இறுக்கினா ஆள் ஏறி உக்காரக்க இன்னும் இழுபட்டு ஷாஃப்ட் பேரிங்கத்தான் திங்கும் எண்டார். நான் சத்தம் கேக்குதெண்டு இறுக்கி விட்டன் எண்டு சொன்னனே, அதுவும் பிழை.

காசு: செட் (செயினும் முன், பின் பல்லும்) 6,800, பிளேட், போல்ட்டு, சீல் எல்லாம் சேர்த்து 900, கூலி 2,000. பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பேக்குல போட்டுத் தந்தார், நான் கேக்கல.

இனி ஏன் 3. போன் அடிச்சா எடுக்க மாட்டார், கையில கிறீஸ் எண்டா ஒரு நாள் முழுக்க எடுக்க மாட்டார். நாளைக்கு எண்டு சொன்ன பைக் மூண்டாம் நாள்தான் கிடைச்சிச்சு, எனக்கு ரெண்டு நாள் வேலைக்கு பஸ்ல போக வேண்டி வந்திச்சு. கொட்டிலுக்குள்ள ரெண்டு பைக்குக்குத்தான் இடம், மத்தது மழையில நனையும், என்ட சீட்டும் ஊறித்தான் கிடந்திச்சு. இருக்க ஒரு கதிரை இல்ல, ஸ்கூட்டி கொண்டு வாற பொம்பிளப் பிள்ளைகள் வெயிலுக்க ரோட்டோரம் நிக்கிறதப் பாக்கக் கஷ்டமா இருக்கு. ரெண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டா என்ன பாஸ் எண்டு நேராவே கேட்டன், போடுவம் எண்டார், போன கிழமை வரைக்கும் போடல. பில்லும் தர மாட்டார், வேணுமெண்டா கொப்பித் தாள்ல எழுதித் தருவார்.

100 கிலோமீட்டர் ஓடிட்டு வா எண்டு சொல்லியிருந்தார். போனன், கவரக் களட்டி கோட்டப் பாத்து ஸ்பனர மெதுவா வெச்சுப் பாத்துட்டு காசு வாங்காம அனுப்பினார். இப்ப 1,400 கிலோமீட்டர், வவுணதீவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும்தான் கூட ஓட்டம், தண்ணி நிண்ட ரோட்டும் சேர்த்து. போன ஞாயிறு நானே கவரக் களட்டிப் பாத்தன், ரெண்டு கோடும் முறியல, சீல்ல ஓயிலும் இல்ல. மகளும் பழையபடி பின்னால ஏறுறா.

போறதெண்டா காலமைக்கு எட்டு மணிக்கு முதல் போங்க, அப்பதான் ஆள் ஆறுதலாக் கதைப்பார். வெள்ளிக்கிழமை பின்நேரம் பூட்டு. காத்தான்குடியில சாமான் எடுத்துக்கொண்டு போறதெண்டா களட்டின பழைய பிளேட்டையும் கையோட கொண்டு போங்க, ஓட்டைய வெச்சுப் பாத்து எடுக்கலாம்.