இருமலுக்குப் போன இடத்தில் ஈரல் கட்டி

இந்தப் பொங்கலுக்குக் கும்பகோணம் போய் வந்ததில் அப்பாவின் இருமலைத் தவிர வேறெதையும் எழுதத் தோன்றவில்லை. வறட்டு இருமல், விடாத விக்கல், சாயங்காலமானால் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல். வலது தோள்பட்டை வலியை மட்டும் "சுளுக்குடா" என்று அவரே தள்ளிவிட்டார். நெடுநாள் சர்க்கரை வேறு.

முதலில் போனது பெரிய தனியார் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் கொஞ்சம் நீர். நிமோனியா என்றார்கள், நெபுலைசர் வைத்தார்கள், டிபியோ என்று சளியையும் சோதித்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. ஃபைல்தான் தடித்துக்கொண்டே போனது. பார்த்த அத்தனை டாக்டர்களில் ஒருவர்கூட வயிற்றில் கை வைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அத்தை பிடிவாதமாக எங்கள் பழைய டாக்டரிடம் அழைத்துப் போனார். அதே மர பெஞ்சு, பெயர் சொல்லிக் கூப்பிடும் அதே கம்பவுண்டர். டாக்டர் முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். பிறகு வலது பக்கம் கடைசி விலா எலும்புகளின் இடுக்கில் ஒற்றை விரலால் மெல்ல அழுத்தினார். அப்பா வீறிட்டுவிட்டார்.

"ஐயா, கோளாறு நெஞ்சுல இல்ல, ஈரல்ல. இன்னிக்கே வயித்து ஸ்கேன் எடுத்துடுங்க."

அன்று இருட்டுவதற்குள் ஸ்கேன் முடிந்தது. சிங்கப்பூரில் பாலிகிளினிக் போய், கடிதம் வாங்கி, ஸ்கேன் தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு நம்பவே முடியவில்லை. கல்லீரலின் வலது மடலில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை ஒட்டியபடி சீழ்க்கட்டி. அது உதரவிதானத்தை உறுத்துவதால்தான் இருமலும் விக்கலும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு வழியாகத்தான் தோள் வலியும். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்ததற்கும் மூலம் கீழே இருந்த கட்டிதான்.

தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய குழாய் செருகிச் சீழை வடித்தார்கள். சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. நம்மூரில் ஈரல் கட்டி என்றால் முதலில் அமீபாவைத்தான் நினைப்பார்கள். இந்தக் கிருமியோ தைவானிலும் சிங்கப்பூரிலும் ரொம்பப் பிரசித்தம், சர்க்கரைக்காரர்களை அதிகம் பிடிக்கும். ரத்தத்தில் பரவிக் கண்ணுக்குப் போனால் பார்வையே போய்விடும் என்பதால் அங்கிருந்த இளம் டாக்டரம்மா கேட்காமலேயே கண் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, கண்ணில் ஒன்றுமில்லை.

ஊசி முடிந்து இப்போது மாத்திரை. எல்லாம் சேர்த்து நாலு முதல் ஆறு வாரம் என்றார்கள். நேற்று தம்பி வாட்ஸாப்பில் புது ஸ்கேன் அனுப்பினான். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. போனில் அப்பா ஒரு தடவைகூட இருமாமல் பேசினார், அத்தை காபியில் சர்க்கரையே போடுவதில்லை என்று புகார்.