44 லீவரும் ஒரு கைத்துணியும்: செயின்ட் ஆல்பன்ஸ் சிக்னல் பாக்ஸ் போய்வந்தோம்

எங்கள் வீட்டில் ரயில் பைத்தியம் அப்பாதான், நான் இல்லை. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு ரயில்வேயில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர், அதில் பெரும்பகுதி டெல்டா பக்கம் ஒரு ஜங்ஷனின் வடக்குக் கேபினில், அதாவது சிக்னலையும் தண்டவாளத்தையும் லீவர் இழுத்து இயக்கும் அறையில். பேரனைப் பார்க்க இந்தக் கோடையில் லண்டன் வந்திருக்கிறார். லண்டன் ஐ காட்டினோம், டவர் பிரிட்ஜ் காட்டினோம், கிரீனிச் கூட்டிப்போனோம், எதற்கும் "ம்... நல்லாருக்கு"தான். ஒரு ரயில் கண்காட்சிக்கும் போனோம், பெயர் வேண்டாம். அங்கே லீவர் வரிசையைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, தொடாதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு, "தொடாம எப்படிம்மா டியூட்டி பார்க்கிறது?" என்றார். சரி, தொடவிடும் இடம் எங்கே இருக்கிறது என்று தேடியபோது கிடைத்ததுதான் லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் சவுத் சிக்னல் பாக்ஸ். நாம் கேபின் என்பதைத்தான் இங்கே சிக்னல் பாக்ஸ் என்கிறார்கள்.

முதல் முறை போய் ஏமாந்தோம், முழுக்க என் தப்பு. இது தினமும் திறந்திருக்கும் இடம் இல்லை. நடத்துபவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள், கோடை மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மட்டும்தான் திறக்கிறார்கள். நான் தேதி பார்க்காமல் ஏதோ ஒரு ஞாயிறு கிளம்பி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பினோம். நீங்களாவது தேதி பார்த்துவிட்டுப் போங்கள். செயின்ட் பான்கிராஸிலிருந்து தேம்ஸ்லிங்க் வேக வண்டி பிடித்தால் இருபது நிமிடம்தான், செயின்ட் ஆல்பன்ஸ் சிட்டியில் இறங்கி ரிட்ஜ்மான்ட் ரோடு பக்கமாக வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் போதும். நுழைவுக் கட்டணம் கிடையாது. உண்டியல் இருக்கிறது, மனசுபோலப் போடலாம்.

ஒரு பெரிய ஸ்டேஷன் தண்டவாளத்தின் ஓரத்தில், மின்கம்பிகளுக்குப் பக்கத்தில், மரத்தால் கட்டிய பழைய மாடிக் கேபின் ஒன்று நிற்கிறது. நாலு பக்கமும் சரிந்த கூரை, சுற்றிலும் கண்ணாடி ஜன்னல். மிட்லண்ட் ரயில்வே கம்பெனி 1892-ல் கட்டியது. அந்தக் கம்பெனிக்கு டெர்பியில் பெரிய பட்டறை உண்டு, கேபின்களை அங்கேயே மரப் பலகைச் சட்டங்களாகச் செய்து, வண்டியில் ஏற்றி அனுப்பி, இடத்தில் கொண்டுவந்து பூட்டிவிடுவார்களாம். இன்று கடையில் வாங்கும் அலமாரியை வீட்டில் வைத்துப் பூட்டுகிறோமே, அந்தக் கதைதான், நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால்.

1980 வாக்கில் இந்தப் பாதை மின்மயமானபோது சிக்னல் வேலை முழுவதும் வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய்விட்டது. கேபின் சும்மா நின்றது. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் இருந்ததால் இடிக்க முடியாது, ஆனால் இடிக்கக் கூடாது என்பது வேறு, கவனிப்பது வேறு அல்லவா? மரக் கட்டடம், இந்த ஊர் மழை, இருபது வருடத்துக்கு மேல் ஆள் இல்லை. என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2000-களின் தொடக்கத்தில் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து, சொந்த நேரத்தில், மரத்தையும் இரும்பையும் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டிருக்கிறார்கள். வேறெங்கோ தூக்கிக்கொண்டு போய் வைக்காமல், நின்ற இடத்திலேயே. அதனால்தான் நீங்கள் உள்ளே நிற்கும்போது லெஸ்டர், ஷெஃபீல்ட் போகும் வண்டிகள் ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் பறக்கின்றன. இங்கே லீவர் இழுத்தால் அந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாது, இணைப்பு எதுவும் இல்லை. பயப்பட வேண்டாம், என் மகன் இதை மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டான்.

மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். அப்பாவும் முழங்கால் வலிக்காரர்தான், ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மேலே போனதும் 44 லீவர், ஒரே வரிசையில், கைப்பிடி பளபளவென்று. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே இருந்த வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், கையில் துணியோடு, "இழுத்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். அப்பா லீவரைப் பார்க்கவில்லை, அந்தத் துணியைக் கேட்டார். வெறும் கையால் கைப்பிடியைப் பிடித்தால் வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும், அதனால் கேபினில் வேலை பார்த்தவன் எவனும் துணி இல்லாமல் லீவரைத் தொடமாட்டான். தாடிக்காரர் ஒரு நிமிடம் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார், அப்புறம் துணியை நீட்டினார். அதற்குப் பிறகு எங்களை யாரும் சுற்றுலாப் பயணிகளாக நடத்தவில்லை.

இந்த இடத்தின் அருமை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது என் மகன் முதல் லீவரை இழுத்தபோதுதான். எட்டு வயசுப் பையன், கண்ணுக்குப் பட்டது சிவப்பு, போய்த் தொங்கினான். அசையவே இல்லை. கெட்டுப்போச்சா என்று கேட்டான். "கெட்டுப்போகல, மாட்டேங்குது" என்றார் அப்பா. இதுதான் இன்டர்லாக்கிங். சிவப்பு லீவர் கைகாட்டிக்கு, அதாவது வண்டியை வா என்று சொல்வதற்கு. கறுப்பு லீவர் பாயிண்ட்டுக்கு, அதாவது தண்டவாளத்தைத் திருப்புவதற்கு. நீலம், திருப்பிய தண்டவாளம் நகராமல் பூட்டுவதற்கு. முதலில் கறுப்பைச் சரியாக வைத்து, நீலத்தால் பூட்டி, அதற்குப் பிறகுதான் சிவப்பு வரும். முன்னெச்சரிக்கை கொடுக்கும் டிஸ்டன்ட் கைகாட்டிக்கு மஞ்சள் லீவர், அது சிவப்பெல்லாம் வந்த பிறகு கடைசியில். வரிசை மாறினால் இரும்புக்குள் இரும்பு போய் அடைத்துக்கொள்ளும், பீமனே வந்தாலும் இழுக்க முடியாது. கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம்கூட வேண்டாம். ஜான் சாக்ஸ்பி என்பவர் 1856-ல் இந்த மாதிரி அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்னத் தகராறும் நடந்தது. டிஸ்டன்ட்டுக்கு எதற்கு மஞ்சள், எங்கள் கேபினில் வார்னர் (முன்னெச்சரிக்கைக் கைகாட்டிதான்) லீவர் பச்சைதான் என்றார் அப்பா. தாடிக்காரர் சிரித்துவிட்டு, முன்பு இங்கேயும் பச்சைதான், அப்புறம்தான் மஞ்சளாக மாற்றினோம் என்றார். அதாவது நாம் பழைய பாடத்தை விடாமல் வைத்திருந்திருக்கிறோம், இவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்கு இது பெரிய திருப்தி.

அப்புறம் மணி. பக்கத்துக் கேபினுக்கு மணி அடித்துத்தான் பேச வேண்டும். ஒரு அடி என்றால் கவனி. இது இரண்டு நாட்டிலும் ஒன்று. அதற்கு மேல்தான் குழப்பம். இங்கே எக்ஸ்பிரஸ் வண்டிக்கு லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாமா என்று, கேட்க நாலு அடி. இரண்டு கேபினுக்கும் நடுவில் உள்ள செக்‌ஷனுக்குள் வண்டி நுழைந்தால் இரண்டு அடி. வெளியே போய்விட்டால் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. நம் ஊரில் லைன் கிளியர் கேட்பதற்கு இரண்டு, நுழைந்தால் மூன்று, வெளியே போனால் நாலு. தாடிக்காரர் இரண்டு அடித்ததும் அப்பா கை தானாக இரண்டு அடித்துவிட்டது, லைன் கிளியர் கொடுத்துவிட்டாராம்! வண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று தாடிக்காரர் சொல்ல, இல்லை இப்போதுதான் கேட்டீர்கள் என்று அப்பா சொல்ல, நானும் என் மகனும் நடுவில் நின்று முழித்தோம். கடைசியில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஆறு அடி. ஆறு அடித்தால் இரண்டு நாட்டிலும் ஒரே அர்த்தம்: லைனில் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. அப்பா அதை அடித்துக் காட்டச் சொன்னபோது தாடிக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அடித்தார். விளையாட்டுக்குக்கூட ஆறு அடிக்கக் கை வராது போல.

அங்கே இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது, கேட்டால் சொல்கிறார்கள். லீவர் கைப்பிடியில் மாட்டும் ஒரு இரும்பு வளையம், காலர் என்பார்கள். இந்த லைனில் வண்டி நிற்கிறது, மறந்துபோய் இழுத்துவிடாதே என்று தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் முடிச்சு மாதிரி. 1915-ல் ஸ்காட்லாந்தில் குவின்டின்ஸ்ஹில் என்ற இடத்தில், கேபினுக்கு நேர் எதிரில் ஒரு வண்டி நின்றுகொண்டிருக்க, இரண்டு சிக்னல்காரர்களும் அதை மறந்துபோனார்கள், காலரும் மாட்டவில்லை. ராணுவ வீரர்கள் வந்த வண்டி அதில் மோதி, இன்னொரு வண்டி இவற்றின் மேல் மோதி, இருநூறுக்கும் மேல் சாவு. பிரிட்டனில் இன்றுவரை அதைவிடப் பெரிய ரயில் விபத்து நடக்கவில்லை. இந்தக் கேபின் கட்டுவதற்கு மூன்று வருடம் முன்னால், 1889-ல், அயர்லாந்தில் ஆர்மா விபத்து. ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போன வண்டி அது. அதே வருடம் சட்டம் போட்டுத்தான் பயணி வண்டி ஓடும் பாதைகளில் இன்டர்லாக்கிங்கும், ஒரு செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்ற பிளாக் முறையும் கட்டாயம் ஆயின. இதையெல்லாம் பலகையில் எழுதி வைத்தால் ஒரு பத்தி படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். அந்த வளையத்தைக் கையில் கொடுத்துச் சொன்னதால் இன்னும் மறக்கவில்லை.

கீழே ஒரு தோட்டம், அதில் பழைய கைகாட்டிகள் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைகாட்டி எவ்வளவு பெரிய சாமான் என்று தெரிகிறது. டிஸ்டன்ட் கைகாட்டி முக்கால் மைல், ஒரு மைல் தள்ளிக்கூட நிற்கும், அதையும் கம்பியால் கையாலேயே இழுக்க வேண்டும். வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்துவிடும், அதை அவ்வப்போது இறுக்கிச் சரிசெய்ய வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை தடவை சரிசெய்தோம் என்று அப்பா சொன்னபோது சுற்றி நின்ற நாலு தன்னார்வலர்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். செயின்ட் ஆல்பன்ஸில் அந்தப் பிரச்சினை அவ்வளவாக இருந்திருக்காது.

குறை என்று சொன்னால் முதலிலேயே சொன்ன இரண்டுதான், நாள் குறைவு, படி செங்குத்து. அறை சின்னது என்பதால் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஏறினால் லீவரை இழுக்கப் பின்னால் இடம் இருக்காது, காலை ஊன்றிச் சாய்ந்து இழுக்க வேண்டிய சாமான் அது. திறந்தவுடன் போய்விடுவது நல்லது. ரயிலில் ஆர்வமே இல்லாதவர்களுக்கு அரைமணி நேரம் போதும். எங்களுக்கு மூன்று மணி நேரம் போதவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அப்பா ஐந்தாம், அதற்கு மேல் கிடையாதா என்று கேட்டார்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேல் சிக்னல் பாக்ஸ் இருந்தனவாம். எல்லாவற்றையும் ஒரு டஜன் சொச்சம் பெரிய மையங்களுக்குள் அடக்கத் திட்டம் போட்டபோது, 2013-ல் ஒரே மூச்சில் 26 கேபின்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் பட்டியலில் போட்டால் சுவர்தான் மிஞ்சும். துணியோடு நிற்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் இங்கே இருக்கிறார். அப்பா வேலை பார்த்த கேபினுக்கு அப்படி யாரும் வரவில்லை, லீவருக்குப் பதில் பொத்தான் அழுத்தும் பேனல் வந்தது, இடித்தார்கள், இப்போது அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள்.

கிளம்பும்போது தாடிக்காரர் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் ஊர் மணிக் கணக்கை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அப்பா மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் நிதானமாக எழுதினார், கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார், பழக்கம். அவர் ஊருக்குக் கிளம்பும் விமானம் புதன்கிழமை. அதற்கு முன்னால் ஒரு திறப்பு ஞாயிறு வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, என் மகனிடம் எக்ஸ்பிரஸுக்கு எத்தனை அடி என்று தினமும் ராத்திரி கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்.