காளிகாட் நிர்மல் ஹிருதய்: தொண்டுக்குப் போகிறவர்களுக்கு

கொல்கத்தா போனால் காளி கோயிலை ஒட்டியிருக்கும் இந்த இல்லத்தில் சில நாளாவது வேலை செய்துவிட்டு வாருங்கள். கோயிலுக்கு வரும் யாத்ரீகர்கள் தங்கிய சத்திரக் கட்டடம் அது. 1952-இல் அன்னை தெரசா அதைக் கேட்டு வாங்கி, தெருவில் சாகக் கிடந்தவர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வார்டு, வரிசையாகத் தாழ்வான கட்டில்கள். தொண்டர்களுக்கு வேலை என்றால் துணி துவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, அப்புறம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது, இந்தக் கடைசி வேலைதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பெங்காலியில் நாலு வார்த்தைகூடத் தெரியாது, ஆனால் கையை எடுத்தால் அந்தப் பாட்டி விடவில்லை.

இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு அவரவர் மதப்படிதான் சடங்கு, இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன் வாசிப்பு. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1994-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் இங்கே வந்து பார்த்துவிட்டு, கடும் வலிக்கான மருந்துகள் இல்லை என்று எழுதினார். நியாயமான விமர்சனம்தான், சாகிறவருக்கு அன்பு மட்டும் போதாது, வலியும் தீர வேண்டும். இதை மருத்துவமனை என்று நினைத்துப் போகாதீர்கள்.

இந்த இல்லத்தை நடத்தும் அன்னை தெரசா சபைச் சகோதரிகள் கட்டும் நீலக்கரைப் புடவை, கொல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டிட்டாகரில் தொழுநோயாளிகள் நெய்வது. அங்கேயும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.