வலசைக் குருவிகளுக்குப் பழவேற்காடா, நேலப்பட்டா?

அக்டோபர் பிறந்தால் வடக்கிலிருந்து குருவிகள் வரத் தொடங்கிவிடும். ஆந்திர எல்லையில் இருக்கும் நமக்கு இந்தப் பக்கம் பழவேற்காடு, அந்தப் பக்கம் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம்.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பூநாரையைத் தேடியே போவார்கள். நீங்கள் கரையோரப் புதர்களைப் பாருங்கள். வேலிக்காத்தான் உச்சியில் பழுப்புக் கீச்சான், ஈரமண்ணில் மஞ்சள் வாலாட்டி, கம்பியில் வரிசையாகத் தகைவிலான். மறைவு குறைவு, அதனால் நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் குருவிகளும் அடங்கிவிடும், நமக்கும் ஒதுங்க நிழல் இருக்காது.

நேலப்பட்டு கூழைக்கடாவுக்குப் பெயர் போனது. எனக்கென்னவோ ஏரியைவிட அதைச் சுற்றியுள்ள காடுதான் பிடிக்கும். பிளித் நாணல் கதிர்க்குருவி 'டக் டக்' என்று குரல் மட்டும் கொடுக்கும், உருவம் காட்டாது. சருகைக் கிளறும் ஆறுமணிக்குருவி கண்ணில் பட்டால் யோகம். விடியலிலும் அந்தியிலும்தான் அது அதிகம் கூவும். பொறுமை வேண்டும்.

புதிதாகப் பைனாகுலர் வாங்கியவர்கள் பழவேற்காட்டில் தொடங்கலாம். பொன்னேரியிலிருந்து பஸ் உண்டு. நேலப்பட்டுக்குச் சூலூர்ப்பேட்டை வரை ரயில், அப்புறம் சுமார் 20 கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போகவரப் பேசிவிடுங்கள்.