சிறு குழுவில் பெயர் மறைந்த வாக்கு: செமஃபோருடன் எங்கள் அனுபவம்

ஏற்காட்டில் சிறு காபித் தோட்டம் வைத்திருப்பவர்களும், சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் கணினித் துறையில் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் பொதுநிதியில், முன்பணம் யாருக்கு என்ற முடிவை எத்தீரியம் சார்ந்த பிளாக்செயினில் (யாரும் பார்க்கக்கூடிய, அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில்) வாக்களித்தே எடுக்கிறோம். குழுவில் பாதிப்பேர் மாமன் மச்சான் உறவினர். வாக்கு யாருடையது என்பது எல்லோர் கண்ணிலும் நிரந்தரமாகப் பதிவாகும் நிலையில், பெரியவர் ஒருவரின் விண்ணப்பத்தை மறுத்து வாக்களிக்க எவருக்கும் மனம் வரவில்லை. சில அறுவடைப் பருவங்களுக்கு முன், குழு உறுப்பினர் தம் பெயரை வெளிக்காட்டாமல் வாக்களிக்க உதவும் செமஃபோர் என்ற மென்பொருள் முறைக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் மூவரும் 1985இல் முன்வைத்த பூஜ்ய அறிவுச் சான்றுதான் (ரகசியத்தை வெளியிடாமலேயே ஒரு கூற்று உண்மை என்று நிரூபிக்கும் வழி) இதன் அடித்தளம். உறுப்பினர் தம் கருவியில் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட எண்ணை மட்டும் குழுவின் மெர்க்கிள் மரத்தில் (இலைகளாகச் சேரும் எண்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் அமைப்பில்) சேர்க்கிறார். வாக்களிக்கும்போது, அம்மரத்தின் இலைகளுள் ஒன்று தமக்குரியது என்பதை, எந்த இலை என்று காட்டாமலேயே நிரூபிக்கிறார். சாவியும் தீர்மான எண்ணும் சேர்ந்து உருவாக்கும் நல்லிஃபையர் என்ற எண், அதே தீர்மானத்தில் மறுபடி வந்தால் வாக்கு நிராகரிக்கப்படும். அடுத்த தீர்மானத்தில் அது வேறாகிவிடுவதால், ஒருவரின் இரு வாக்குகளைக் கோர்த்துப் பார்க்க முடியாது.

மடிக்கணினியில் சான்று சில நொடிகளில் தயாராகிறது. சிக்னல் நலிந்த தோட்டங்களில், அதற்கான கோப்புகள் இறங்குவதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஆனால் கவனிக்க வேண்டியது வேகத்தை அன்று. பிளாக்செயினில் பதிவதற்கான கேஸ் கட்டணத்தைத் தம் வாலட்டிலிருந்தே, அதாவது எல்லோர் கண்ணிலும் படும் தம் கணக்கிலிருந்தே, கட்டுபவர், சான்று மறைத்த பெயரைத் தாமே எழுதிக்கொடுத்துவிடுகிறார். ஆகவே, வாக்குகளைச் சேர்த்து, வரிசையைக் கலைத்து, தன் வாலட்டிலிருந்து அனுப்பும் ரிலேயர் என்ற இடைநிலை நிரல் ஒன்றை வைத்திருக்கிறோம். அது வாக்கை அனுப்பாமல் விடலாமே தவிர, வாக்கு சான்றோடு பிணைந்திருப்பதால் மாற்ற இயலாது.

கணிதம் எட்டாத இடமும் உண்டு. எல்லோரும் ஒரே பக்கம் வாக்களித்தால் ஒவ்வொருவரின் வாக்கும் வெளிப்படையே. ஒற்றை எதிர்வாக்கு விழுந்தால், முந்தைய நாள் தேநீர்க்கடையில் முணுமுணுத்தவர் மீதே எல்லோர் பார்வையும் திரும்பும். சிறு குழுவில் மறைவிடமும் சிறிதுதான். மேலும், சாவியைக் காட்டு என்று நிர்ப்பந்திப்பவரிடமிருந்து செமஃபோர் காப்பதில்லை. அதற்காக எத்தீரியத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2019இல் முன்மொழிந்த மாசி (MACI) என்ற முறையில், சாவியை மாற்றி முந்தைய வாக்கைச் செல்லாததாக்கலாம். ஆனால் அதில் வாக்குகளை எண்ணும் ஒருங்கிணைப்பாளர், முடிவைத் திரிக்க முடியாவிட்டாலும், வாக்குகளைப் படிக்கலாம். எங்கள் குழுவில் அந்த இடத்துக்கு வருபவரும் யாரோ ஒருவரின் மச்சானாகத்தான் இருப்பார் என்பதால் அதை வேண்டாம் என்றோம்.

இப்போது முன்பணத் தீர்மானங்களுக்கு மட்டுமே இம்முறை. காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரத்தை எந்தத் தோட்டத்தில் நிறுத்துவது என்பதைக் கூட்டத்தில் பேசியே முடிக்கிறோம். அங்கே மறுப்பவரின் காரணத்தைக் கேட்காமல் இடம் முடிவு செய்ய இயலாது.