ஹாஸ்டல் நெட்: பிளாக் பண்ணுவதா, கூப்பிட்டு விசாரிப்பதா?

ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டலில் நெட் ஊர்கிறது என்று புகார் வந்தால், நெட்வொர்க் அறையில் முதலில் எழும் குரல் இதுதான்: டோரன்ட்டை பிளாக் பண்ணு. (பெரிய ஃபைல்களை ஆட்கள் தங்களுக்குள் நேரடியாகப் பகிரும் முறைதான் டோரன்ட்.) நெட் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் நாலு க்ளிக், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இன்னொரு வழி, விதியை எழுதி ஒட்டி, மீறுகிற பையனைக் கூப்பிட்டு விசாரிப்பது. அதற்கு யார் எவ்வளவு இழுத்தார் என்ற பதிவு (லாக்) வேண்டும், வார்டன் வேண்டும், பொறுமை வேண்டும்.

ஒரு கல்லூரியில் இரண்டையும் செய்து பார்த்தேன். டோரன்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் 6881 முதல் 6889 வரை போர்ட்டுகளை, அதாவது நெட்டின் வாசல் எண்களை, மூடினோம். அன்று சாயங்காலமே போர்ட்டை மாற்றிவிட்டார்கள். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் டோரன்ட் தளங்களைத் தடுத்தோம். எங்கள் டிஎன்எஸ்ஸைத் தாண்டிப் போக, ஆண்ட்ராய்டு 9-இல் வந்த பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆன் செய்தார்கள். அப்புறம், எங்கே போகிறார்கள் என்பதையே எங்களிடமிருந்து மறைக்கும் விபிஎன். கடைசியில் மாட்டியது உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை டோரன்ட்டில் இறக்கப்போன ஒரு அப்பாவி.

காம்காஸ்ட்டுக்கும் இதே கதைதான், பெரிய அளவில். 2007-இல் அந்த அமெரிக்க இணைய நிறுவனம், எதிர்முனை அனுப்பியது போலப் 'இணைப்பை முடி' என்று சொல்லும் போலி ரீசெட் பாக்கெட்டை நடுவில் நுழைத்து டோரன்ட் இணைப்புகளை அறுத்துக்கொண்டிருந்தது. ஏபி செய்தி நிறுவனம் சோதனைக்காகப் பகிர்ந்தது கிங் ஜேம்ஸ் பைபிளை. அதையும் விடவில்லை! 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கண்டித்தது. 2010-இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்றாலும், காம்காஸ்ட் அதற்கு முன்பே வழியை மாற்றிக்கொண்டது: மாதம் 250 ஜிபி வரம்பு, நெரிசல் நேரத்தில் அதிகம் இழுப்பவருக்கு, என்ன ஆப் என்று பாராமல், சற்று நேரம் வேகக் குறைப்பு.

எனக்கு உறைத்தது அந்த 'என்ன ஆப் என்று பாராமல்'தான். எங்கள் பிரச்சினை டோரன்ட் அல்ல, ஒருவனே மொத்தக் குழாயையும் பிடித்துக்கொள்வது. ஆளுக்குச் சமபங்கு வைத்தோம், பிறகும் மீறியவனைக் கூப்பிட்டோம்.

"ஏன்டா தம்பி, ஒரே ராத்திரியில 90 ஜிபியா?"

"சார், நான் இல்ல சார். ரூம்மேட் என் ஹாட்ஸ்பாட்ல இருந்தான்."

விதியின் ஓட்டை இங்கேதான். ஆள் யாரென்று தெரியாவிட்டால் விசாரணை வெறும் வாய்ச்சண்டை. ஐபோனின் ஐஓஎஸ் 14-க்குப் பிறகு, கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியையும் நம்ப முடியாது, போனே வேறு எண்ணைக் காட்டும்; ஆளுக்கொரு லாகின் கட்டாயம். பெரிய இடத்துப் பையன் மாட்டினால் வார்டன் குரல் தாழ்வதும் உண்டு, ஃபில்டருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இருந்தாலும் டோரன்ட்டில் என் ஓட்டு விதிக்கே.

எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. ஒருநாள் ஹாஸ்டலின் ஒரு மாடி முழுக்க நெட் போய்விட்டது. பார்த்தால் எல்லா லேப்டாப்பிலும் நாங்கள் கொடுக்காத, 192.168.0 என்று தொடங்கும் ஐபி முகவரி. யாரோ சொந்த ரவுட்டரின் லேன் போர்ட்டைச் சுவரில் செருகியிருக்க, அது தன் இஷ்டத்துக்கு எல்லோருக்கும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. 'சொந்த ரவுட்டர் கூடாது' என்ற நோட்டீஸ் மாடிப்படியிலேயே ஒட்டியிருந்தது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில், எங்கள் சர்வரைத் தவிர வேறு எதுவும் முகவரி கொடுக்க விடாத டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை ஆன் செய்தோம், அத்தோடு சரி. கேபிளைத் தொடர்ந்து போனபோது ரவுட்டர் கிடைத்தது, வார்டன் அறையில்.