கோத்தகிரியில் பிராய்லர்: இனமும் தீவனமும் கறியில் காட்டும் வேறுபாடு

கோத்தகிரிக்கு அருகே, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், பல ஆண்டுகளாக பிராய்லர் வளர்த்து, உரித்த கறியாகவே கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். உயிர்க்கோழியாக விற்பவருக்குத் தராசில் ஏறும் எடையே போதும். கறியாகக் கொடுப்பவருக்கோ தோல், குடல், கொழுப்பு எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம்.

வெள்ளை பிராய்லரில் காப், ராஸ் 308 ஆகிய இரண்டு இனங்களையும், அவற்றோடு நிறச் சிறகுள்ள கலர் பிராய்லரையும் வளர்த்திருக்கிறேன். வெள்ளைக் கோழி 2 கிலோவைத் தொட்ட பின் தோலுரித்தால், உயிர் எடையில் கிலோவுக்குச் சுமார் 650 கிராம் கறி நிற்கிறது; அதில் நெஞ்சுக்கறியின் பங்கே பெரிது. ஒரே எடையில் அறுத்தால் காப்புக்கும் ராஸுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாட்டை நான் காணவில்லை. கலர் பிராய்லர் அந்த எடைக்கு வர எட்டு வாரம் வரை எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு ஒடுங்கியிருப்பதால் கறியும் குறைகிறது.

ஆனால் வெள்ளை வகையின் வேகமே மலையில் அதற்குப் பகையாகிறது. இந்த உயரத்தில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் வேறு அதன் தேவையைக் கூட்டுகிறது. வேகமாக வளரும் உடலுக்கு ஈடுகொடுக்க இதயத்தின் வலப்பக்கம் மிகுதியாக உழைத்துத் தளர்ந்து, இரத்தம் ஈரலில் தேங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது; இதுதான் நீர்க்கோவை. அப்படி இறந்த கோழியின் கொண்டை நீலம் பாய்ந்திருக்கும். வயிற்றைக் கீறினால் வைக்கோல் நிற நீர் கொட்டும், ஈரலின்மேல் கூழ்போன்ற கட்டிகள் ஒட்டியிருக்கும், இதயம் பருத்துத் தொய்ந்திருக்கும். பெரும்பாலும் நன்றாக வளர்ந்த சேவல்களே இப்படிப் போவதுதான் மனத்தை வருத்துவது.

இதைத் தீவனத்தால்தான் பெருமளவு கட்டுப்படுத்த முடிந்தது. முதல் மூன்று வாரம் குருணைத் தீவனத்துக்குப் பதிலாகத் தூள் தீவனம் கொடுக்கிறேன். தூளைக் கொத்தித் தின்னக் கோழிக்கு நேரம் பிடிப்பதால், தீனி சற்றுக் குறைந்து வளர்ச்சி நிதானப்படுகிறது. அதற்குள் நெஞ்சாங்கூடும் நுரையீரலும் ஓரளவு தேறிவிடுகின்றன. அதன்பின் பெல்லட்டுக்கு, அதாவது அழுத்திக் குச்சியாக்கிய தீவனத்துக்கு மாறினால், விட்ட எடையில் பெரும்பகுதியைக் கோழி பிடித்துவிடுகிறது. விற்பனை சில நாள் தள்ளிப்போகும். இறப்பு குறைவதால் அந்தத் தாமதத்தை நான் நட்டமாகக் கருதவில்லை.

புரதத்தில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத் தீவனத்தில் 22 விழுக்காடு, கடைசிக் கட்டத் தீவனமான ஃபினிஷரில் 19 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களும் குறையக் கூடாது. வளர்ப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போவதால், குளிர்காலத்தில் ஃபினிஷரோடு மக்காச்சோளத்தை அள்ளிக் கலக்கும் வழக்கம் இங்கே உண்டு. குளிரைத் தாங்க எரிசக்தி தேவை என்பது உண்மைதான். ஆனால் புரதம் நீர்த்துப்போனால், உயிர் எடை அவ்வளவாகக் குறையாமலே நெஞ்சுக்கறி சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. அப்படி வளர்ந்த கோழியை உரிக்கும்போது இரைப்பையைச் சுற்றியும் ஆசனவாய்க்கு மேலும் மஞ்சள் கொழுப்பு கை நிறைய வரும். பெட்டைகளில் இன்னும் கூடுதல். கடைக்காரர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. கோழிக்குச் சூடு வேண்டுமென்றால் கொட்டகைக்குள் தர வேண்டும். அதற்காகப் படுதாவை முழுக்க இறக்கி மூடிவிடுவதும் கெடுதல். அம்மோனியா நெடி தேங்கி, நுரையீரல் மேலும் கெடுகிறது.

இப்போது மார்ச் முதல் நவம்பர் வரை முழுக்க வெள்ளை வகையையே இறக்குகிறேன். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் மட்டும் பாதிக் கொட்டகைக்குக் கலர் குஞ்சுகளை விடுகிறேன். கறி குறைந்தாலும் அவற்றில் நீர்க்கோவையால் இறப்பது அரிதாகவே இருக்கிறது.